பெற்றுக்கொண்டவர்

"கையெழுத்து இருக்குல்லா? அப்புறம் என்ன, பார்த்தாச்சுன்னுதான் அர்த்தம்" என்று பதிவேட்டு அறைக்குள் யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. ஆள் தெரியவில்லை. ஒரு மின்விசிறி, நாடா போட்டுக் கட்டிய கோப்புகள், அவற்றின் மேல் கவிழ்த்து வைத்த டிபன் டப்பா, அவ்வளவுதான் தெரிந்தது. நீலா நிற்கவில்லை. மணி ஒன்று முப்பத்தைந்து. ஒன்று நாற்பதுக்கு நாலாம் நம்பர் ஆபரேஷன் தியேட்டரில் மாசிலாமணி சாரை விடுவித்துவிட்டு அவள் உட்கார வேண்டும். மயக்கவியல் முதுகலையில் இரண்டாம் வருடம் அவளுக்கு. விடுவிப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அவர் எழுந்த நாற்காலியில் இவள் உட்காருவது, அவர் பார்த்துக்கொண்டிருந்த திரையை இவள் பார்ப்பது. ஆனாலும் அந்தக் குரல் கூடவே வந்தது. உடை மாற்றும் அறையில் பச்சை உடுப்பின் நாடாவை முடிச்சுப் போடும்போதும், தொப்பிக்குள் கூந்தலைத் திணிக்கும்போதும், நாக்கில் ஒட்டிய முடியைப்போல எடுக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தது. பார்த்தாச்சுன்னுதான் அர்த்தம். யார் பார்த்தது, எதை? அவர்கள் ஏதாவது விடுப்பு விண்ணப்பத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அவளுக்கென்ன வந்தது. வெளியே கொளுத்துகிற வெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் நுங்கு விற்கிறவர் கூவுவது இங்கே வரைக்கும் கேட்டது. உள்கதவைத் தள்ளியதும் கேட்கவில்லை. அந்தக் கதவுக்கு உள்ளே பகலும் கிடையாது, வெயிலும் கிடையாது. குளிர்ந்த காற்று, ஸ்பிரிட் வாசனை, எங்கோ ஒரு துருத்தி ஏறி இறங்கும் சத்தம்.

மாசிலாமணி சார் எழுந்தே நின்றுகொண்டிருந்தார். "வாம்மா, வா வா. மகப்பேறு தியேட்டர்ல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. குழந்தைக்குத் துடிப்பு குறையுதாம். நான் ஓடணும்" என்றார். நல்ல மனிதர். யாரையும் திட்டத் தெரியாதவர். "இது தாடை எலும்பு முறிவு, மூக்கு வழியா குழாய் போட்டிருக்கு. ஸ்டேபிள். மத்ததெல்லாம் ஷீட்ல இருக்கு பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே நடந்தார், கடைசி வார்த்தை கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இரட்டைக் கதவு இரண்டு மூன்று முறை ஆடி நின்றது. சார், ஒரு நிமிஷம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறக்கவும் செய்தாள், முகக்கவசத்துக்குள் அது யாருக்கும் தெரியவில்லை. எப்போதும் இப்படித்தான். மற்றவர்கள் பேசி முடித்து இரண்டு நிமிடம் ஆன பிறகுதான் அவளுக்குள் வாக்கியம் தயாராகும். குழந்தைக்குத் துடிப்பு குறைகிறது என்று ஓடுகிறவரை நிறுத்தி என்ன கேட்பது? முக்காலி இன்னும் சூடாக இருந்தது. அவர் விட்டுப்போன சூட்டில் உட்கார்ந்தாள்.

தாள், அட்டையில் கிளிப் போட்டு மயக்க இயந்திரத்தின் பக்கவாட்டில் தொங்கியது. மயக்கப் பராமரிப்பு ஒப்படைப்புச் சரிபார்ப்புத் தாள். பதினான்கு வரிகள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம், கட்டத்துக்கு மேலே 'சொல்லப்பட்டது' என்று தலைப்பு. ஒவ்வாமை பற்றி, இரத்தம் பற்றி, கொடுத்த மருந்துகள் பற்றி, குழாய் பற்றி, பதினான்கிலும் டிக். தனித்தனி டிக் அல்ல. மேல் கட்டத்தில் தொடங்கிக் கை எடுக்காமல் கீழ்க்கட்டம் வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கும் ஒரே கோடு. அடியில் இரண்டு பெயர்கள். ஒப்படைத்தவர், மாசிலாமணி. பெற்றுக்கொண்டவர், நீலாயதாட்சி. அவளுடைய கையெழுத்துதான். 'ட்சி'யின் சுழி கீழே இறங்கி நீண்டு போகும், அப்பா சொல்வார், உன் கையெழுத்துக்கு வால் இருக்கு என்று. அந்த வாலேதான். காலை ஏழு ஐம்பதுக்கு சிஸ்டர் ஜெபக்கனி பத்துத் தாள்களோடு காப்பி அறைக்கு வந்தார். "நீலா மேடம், இன்ஸ்பெக்‌ஷன் வருது, பைல்ல ஒரு கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு டீன் ஆபீஸ்ல இருந்து சொல்லிட்டாங்க. மத்தியானம் உங்க யாரையும் பிடிக்க முடியாது. இப்பவே போட்டுருங்க." எல்லாரும் போட்டார்கள். மாசிலாமணி சார் தினத்தாள் படித்துக்கொண்டே போட்டார். நீலா பத்திலும் போட்டாள், பத்து வால்கள். "உங்க கையெழுத்துதான் மேடம் பைலுக்கே அழகு" என்று சிஸ்டர் சிரித்தபோது அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. இப்போது அதே வால் இந்தத் தாளில் இருந்து அவளைப் பார்த்தது.

அப்படியானால் ஒரு நீலா இங்கே ஏற்கெனவே வந்திருக்கிறாள். இந்த இடத்தில் நின்று, பதினான்கு விஷயங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டி, பெற்றுக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இந்த நீலாவுக்குத்தான் ஒன்றும் தெரியாது. வேடிக்கையாக நினைக்கத்தான் ஆரம்பித்தாள், ஆனால் முதுகுப் பக்கம் ஏ.சி.யின் குளிர் கொஞ்சம் கூடியதுபோல இருந்தது, அங்கே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஏழாம் வகுப்பில் ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது. அம்மை போட்டு அவள் வீட்டில் வேப்பிலைமேல் படுத்துக் கிடந்த ஒரு நாளில், வகுப்பில் யாரோ விளையாட்டுக்கு அவள் பெயருக்கு "உள்ளேன் டீச்சர்" சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் போனபோது டீச்சர் கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரு கணக்கைப் போடச் சொன்னார். தெரியவில்லை டீச்சர் என்றாள். "அன்னைக்கு நடத்தும்போது இருந்தியே, நீ" என்று வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். இருந்தது, நீல மையில். நான் இல்லை டீச்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. அன்று முழுக்க, காலிப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு போன இன்னொரு பெண்ணை நினைத்துக்கொண்டே இருந்தாள். அம்மைத் தழும்பு இல்லாத முகம். அவள் எங்கே போனாள்? கணக்கை எடுத்துக்கொண்டு எங்கே போனாள்?

திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாடி எழுபத்து நாலு, ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது, மூச்சின் கோடு மொட்டை மலைபோல எழுந்து சரிந்து எழுந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் கறுப்புத் துருத்தி ஏறியது, இறங்கியது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம், சொல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. குழாய், இருக்கிறது. ஊசி வழி, இரண்டு கையிலும் இருக்கிறது. மருந்து, சிரிஞ்சுகளில் பெயர் ஒட்டியிருக்கிறது. இரத்தம், ஒரு பை வங்கியில் தயார் என்று நோட்டில் இருக்கிறது. ஆறாம் வரி, ஏழாம் வரி, எட்டாம் வரி. ஒன்பதாம் வரியில் கண் நின்றது. தொண்டையில் வைத்த துணி பற்றிச் சொல்லப்பட்டது. வாயில் அறுவை செய்யும்போது இரத்தம் மூச்சுப்பாதைக்குள் போகாமல் இருக்க, நாக்குக்குப் பின்னால், ஆழத்தில், நனைத்த நீளத் துணியைச் சுருட்டி வைப்பார்கள். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் மூக்குக் குழாயை உருவினால், அந்த ஆள் இழுக்கும் முதல் மூச்சே துணியைத்தான் இழுக்கும். இந்தத் தாளைக் கணினியில் அடித்ததே நீலாதான். போன வருடம் துறைத் தலைவர் சொல்லச் சொல்ல அடித்தாள். எட்டாம் வரி சொல்லிவிட்டு அவர் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். சார், அடுத்தது என்று கேட்கத் தயங்கி அவளும் விசைப்பலகையில் விரல் வைத்தபடி இருந்தாள். பிறகு ஒன்பதைச் சொன்னார், குரல் மாறியிருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, இந்த வரிகளை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள் என்று. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருக்குச் சொல்லாமல் விட்டது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் படுத்திருக்கிறார். பதினான்கு வரி, பதினான்கு பேர், முகம் தெரியாமல் பச்சைத் துணி மூடி, வரிசையாக. அந்தப் பதினான்கு பேர்மேலும் ஒரே கோட்டை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது பேனா.

மேசையில் இருப்பவளுக்கு முகம் இல்லை. பச்சைத் துணிக்கு நடுவில் ஒரு வாய் மட்டும், இரும்புக் கொக்கிகள் இழுத்துப் பிடித்த, விளக்கு வெளிச்சம் கொட்டுகிற ஒரு வாய். அந்த வாய்க்குச் செல்லக்கிளி என்று பெயர். காலையில் வராந்தாவில் பார்த்தாள். முப்பத்தெட்டு வயது, பீடி சுற்றுகிறவள், பஸ் படியிலிருந்து விழுந்து தாடை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. பக்கத்தில் அவள் புருஷன் சுடலைமணி எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். "ஒம்பது நாளா ஒத்த வார்த்தை பேசல டாக்டரம்மா. எனக்குக் காது போயிட்டோன்னே பயந்துட்டேன்" என்றான். அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "பாத்தியளா, கை நல்லாத்தான் இருக்கு" என்றான். நீலா சிரித்துவிட்டு நகர்ந்தபோது செல்லக்கிளி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். புகையிலை வாசமடிக்கும் விரல்கள், நல்ல பிடி. ஒட்டிக்கிடந்த பற்களுக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். ம்ம் ம் ம்ம்ம் என்றுதான் கேட்டது. கண்ணில் அவ்வளவு தீவிரம். இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா என்று கேட்டிருக்கலாம், பேனா கொடுத்திருக்கலாம். வலிக்கிற வாயை மறுபடி அசைக்க வைப்பானேன் என்றோ, புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டோ, "சரிக்கா, சரி, நான் பாத்துக்கிறேன்" என்று தலையாட்டினாள். உடனே பிடி தளர்ந்தது. எதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்? அதுவும் ஒரு டிக்தான். அங்கேயும் ஒரு வால் விட்டிருக்கிறாள். இப்போது அந்தக் கை பச்சைத் துணிக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப்போடு மல்லாந்து கிடந்தது. எதையோ கேட்டு நீட்டியதுபோல.

துணி வைத்தால் நெற்றியில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி எழுத வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். நெற்றி பச்சைத் துணிக்குள் இருந்தது, தூக்கிப் பார்த்தால் சுத்தம் கெட்டுவிடும். சுவர்ப் பலகையில் சிஸ்டர் ஜெபக்கனி பஞ்சுக் கணக்கு எழுதியிருந்தார், கொடுத்தது இருபது, வந்தது பதினெட்டு, இரண்டு கையில். ஆனால் தொண்டைத் துணி அந்தக் கணக்கில் வராது. அது மயக்க மருந்து வண்டியிலிருந்து எடுப்பது, பலகைக்கு அதைத் தெரியாது. வண்டியின் கீழ்த் தட்டில் கிழித்த காகித உறை ஒன்று கிடந்தது, நீளத் துணி சுற்றி வருமே அந்த உறை. காலியாக இருந்தது. நீலா அதை எடுத்து விரித்துப் பார்த்தாள், உள்ளே விரலை விட்டும் பார்த்தாள், ஏதாவது எழுதியிருக்குமா என்று. காலையில் இதே மேசையில் மூக்குச் சதை அறுவை ஒன்று நடந்தது, அதற்கும் துணி வைத்திருப்பார்கள். அந்த உறையாக இருக்கலாம். அப்படியானால் இந்த வாய்க்குள் ஒன்றுமில்லை. அல்லது காலை உறை குப்பைக்குப் போய்விட்டது, இது இந்த வாய்க்கு உரியது. உறைக்கு வாய் இருந்தால் கேட்கலாம். டாக்டர் காதர் மைதீன் எலும்பில் துளை போட்டுக்கொண்டே தன் வீட்டு ஆழ்துளைக் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "முந்நூறு அடி இறக்கியாச்சு சிஸ்டர், புகைதான் வருது. என்னைப் பாருங்க, ஒம்பது மில்லிமீட்டர்ல இரத்தம் எடுத்துருவேன்." சிஸ்டர் சிரித்தார். துளைக் கருவி நின்றது, மறுபடி கிர்ரென்றது. "கடைசி ஸ்க்ரூ. அப்புறம் பல்லோட பல்லைச் சேர்த்து ரப்பர் மாட்டிட்டா முடிஞ்சுது. என்ன நீலா, சத்தமே காணோம். தூங்கிட்டியளா? தூங்க வைக்கிறவங்க தூங்கக் கூடாதும்மா." நீலா சிரித்தாள், அதுவும் முகக்கவசத்துக்குள்தான் நடந்தது.

ரப்பர் மாட்டிவிட்டால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்துகொள்ளும். வாய் மூடிவிடும். பிறகு பின்னால் எதுவும் பார்க்க முடியாது. அவள் எழுந்து போய்ச் சிஸ்டரின் காதருகே மெதுவாக, மாசிலாமணி சார்கிட்ட ஒண்ணு கேக்கணும் சிஸ்டர், தொண்டைத் துணி வச்சாரான்னு என்றாள். சிஸ்டர் சுவர் போனில் மகப்பேறு தியேட்டரைப் பிடித்தார். அங்கே எடுத்த யாரோ உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரும்வரை போனில் ஒரு பெண் அலறுவது சின்னதாகக் கேட்டது, அல்லது பிறந்த குழந்தையோ. பிறகு சிஸ்டர், "ம்... ம்... சரி" என்று வைத்தார். "வச்ச மாதிரிதான் இருக்காம் மேடம். காலைல மூக்குக் கேசுக்கு வச்சதா இதுக்கு வச்சதான்னு குழம்புதாம். கையெல்லாம் இரத்தமா நிக்கிறாராம். ஷீட்ல இருக்கும், பாத்துக்கிடச் சொல்லுன்னார்." சொல்லிவிட்டுச் சிஸ்டரும் அட்டையைப் பார்த்தார். இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒன்பதாம் வரி. சொல்லப்பட்டது. கோடு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. தாளைக் கேட்டால் நீலாவுக்குத் தெரியும் என்கிறது. சாரைக் கேட்டால் தாளுக்குத் தெரியும் என்கிறார். காலை ஏழு ஐம்பதின் நீலாவுக்குத்தான் தெரியும், அவள் போய்விட்டாள், அந்தக் கணக்கு தெரிந்த பெண் போனதுபோல.

முதல் ரப்பர் வளையம் டக்கென்று மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. நாடி எழுபத்து நாலு. இருக்காது. மாசிலாமணி சார் வைத்திருந்தால் போகும்போது சொல்லியிருப்பார், எவ்வளவு அவசரமானாலும். சொன்னாரோ? கடைசி வார்த்தை கதவுக்கு அந்தப் பக்கம் போயிற்றே, பாத்துக்கோ என்பதற்குப் பிறகு ஏதாவது இருந்ததா? கதவு ஆடிய சத்தத்தில்? இல்லை, பாத்துக்கோ என்றுதான் முடிந்தது. இரண்டாவது வளையம். கேட்டால் என்ன ஆகும்? காதர் சார், உங்களுக்குத்தானேம்மா தெரியணும் என்பார். அட்டையைப் பார்ப்பார். உங்க கையெழுத்து இருக்கே என்பார். இல்லை சார், அது நான் இல்லை. எப்படிச் சொல்வது அதை? பத்துத் தாளில் போட்டோம் சார், எல்லாரும் போட்டோம், ஜெபக்கனி சிஸ்டர் சொன்னாங்க. சிஸ்டர் முகத்தை எப்படிப் பார்ப்பது. இன்ஸ்பெக்‌ஷன். துறைத் தலைவரின் ஜன்னல். துணி இல்லாவிட்டால் எல்லாரும் சிரிப்பார்கள், காதர் சார் இதையும் கிணற்றுக் கதையோடு சேர்த்து வருடம் முழுக்கச் சொல்வார். இல்லாமல்தான் இருக்கும். பத்தில் ஒன்பது பங்கு இல்லை. மூன்றாவது வளையம். துருத்தி ஏறியது, இறங்கியது, அந்த மூச்சு மேசையில் இருப்பவளுடையதல்ல, இயந்திரம் அவளுக்காக விடுகிறது, இன்னும் இருபது நிமிடத்தில் இயந்திரம் நின்று செல்லக்கிளி தானாக ஒரு மூச்சு இழுப்பாள். முதல் மூச்சு. ம்ம் ம் ம்ம்ம். அது என்ன சொல்? காலையில் அந்தப் பற்களுக்குப் பின்னால் ஏதோ அடைத்துக்கொண்டதுபோலத்தானே கேட்டது. அப்போது துணி இல்லை, தெரியும். தெரிந்தும், அந்தச் சத்தம் முன்கூட்டியே வந்துவிட்டதுபோல இருந்தது, கையெழுத்து முன்கூட்டியே வந்ததுபோல. நீட்டியிருந்த அந்தக் கையின் விரல் அசைந்ததா? அசையவில்லை. அசைய முடியாத மருந்து கொடுத்திருக்கிறது. நீலா அதைத் தொட்டாள். குளிர்ந்து, புகையிலை வாசத்தோடு, பிடிக்காமல் கிடந்தது. சரிக்கா, நான் பாத்துக்கிறேன். அதைச் சொன்னது எந்த நீலா? அது இவள்தான். அதற்கு இன்னொருத்தி கிடையாது.

"சார்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. முகக்கவசத்தைக் கையால் மூக்கோடு அழுத்திக்கொண்டு, "காதர் சார், நிறுத்துங்க" என்றாள். தன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. காதர் மைதீன் கையில் நாலாவது வளையத்தோடு நிமிர்ந்தார். "என்னாச்சும்மா, பிரஷர் குறையுதா?" "இல்ல சார். தொண்டையில துணி இருக்கான்னு எனக்குத் தெரியாது." "தெரியாதுன்னா? ஒப்படைச்சுட்டுத்தானே போனார்?" அவர் கண் அட்டைக்குப் போனது. "உங்க கையெழுத்து இருக்கேம்மா." "இருக்கு சார். காலைல காப்பி ரூம்ல போட்டது. எனக்கு யாரும் எதுவும் சொல்லல. நானும் கேக்கல. கேக்காமலே போட்டேன்." துளைக் கருவியும் இல்லை, கிணறும் இல்லை, தியேட்டரில் துருத்தியின் சத்தம் மட்டும் இருந்தது. சிஸ்டர் ஜெபக்கனி பலகையைப் பார்த்தபடி நின்றார். "மூணு வளையத்தை அறுக்கணும்" என்றார் காதர் மைதீன், கோபமா சலிப்பா என்று தெரியாத குரலில். "வாயைத் திறந்து நான் பாக்கணும் சார்" என்றாள் நீலா. அவர் சிஸ்டரிடம் கையை நீட்டினார். பிறகு கத்தரியை வாங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று அறுத்துவிட்டுத் தலைமாட்டிலிருந்து ஒதுங்கி இடம் விட்டார்.

நீலா கையுறை மாட்டிக்கொண்டு, விளக்கு வைத்த கரண்டியால் நாக்கை மெதுவாகத் தூக்கினாள். இரத்தம் தேங்கியிருந்தது. உறிஞ்சியபோது அடியில் சிவப்பாக, தசை மாதிரியே, ஆனால் தசையில் இல்லாத நெசவு தெரிந்தது. வளைந்த இடுக்கியால் பற்றி இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது, ஒரு சாணுக்குப் பிறகு இன்னொரு சாண், கனத்துச் சொட்டிக்கொண்டு, கடைசி நுனி வெளிச்சத்துக்கு வரும்வரை. சிஸ்டர் ஜெபக்கனி தட்டை நீட்டி அதை வாங்கினார். தட்டை மேசைமேல் வைத்தார். பிறகு சுவர் அலமாரியைத் திறந்து, இன்ஸ்பெக்‌ஷன் பைலிலிருந்து நீலாவின் கையெழுத்துப் போட்ட மீதி ஒன்பது தாள்களையும் உருவி, ஒவ்வொன்றாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.